சாம்பார்க் கறையும் கொஞ்சம் வேதியியலும்

நான் தில்லிக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதில் பெரும்பகுதி பள்ளிக்கூடத்தில் வேதியியல் கற்பித்தே கழிந்தது. "ஒத்தது ஒத்ததைக் கரைக்கும்" என்று கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேனோ, கணக்கில்லை. ஆனாலும் 2011 பொங்கல் விருந்துப் பந்தியில் அம்மாவின் புடவைமேல் சாம்பார் கொட்டியபோது அந்த விதி நினைவுக்கு வரவே இல்லை.

சாதாரணப் புடவையா அது? சந்தன நிறக் காஞ்சிப் பட்டு. அப்பா தம் கடைசித் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்தது. பதறிப்போய், பக்கத்தில் இருந்த தண்ணீரைக் கறைமேல் ஊற்றிக் கைக்குட்டையால் தேய்த்தேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

நீர் மூலக்கூறில் இரண்டு ஹைட்ரஜன்களும் 104.5 டிகிரிக் கோணத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. அதனால் ஆக்சிஜன் பக்கம் சற்றே எதிர்மின்னேற்றம், ஹைட்ரஜன் பக்கம் சற்றே நேர்மின்னேற்றம். இப்படி இருப்பதை முனைவுள்ள மூலக்கூறு என்கிறோம். இது உப்பின் அயனிகளைச் சூழ்ந்து பிரித்துக் கொண்டுபோய்விடும். 100 கிராம் தண்ணீரில் ஏறத்தாழ 36 கிராம் உப்பு கரையும். சர்க்கரை 200 கிராம் கரையும்! எண்ணெயோ நீண்ட கார்பன் சங்கிலிகளால் ஆனது. அந்தச் சங்கிலிகளில் முனை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. தண்ணீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் கைகோத்துக்கொண்டு அதை வெளியே தள்ளிவிடுகின்றன.

சாம்பார் இந்த இரண்டு கட்சிகளின் கூட்டணி. உப்பும் புளியும் தண்ணீர்க் கட்சி. தாளித்த எண்ணெய், அதில் இறங்கிய மஞ்சள், மிளகாய் நிறம் எல்லாம் எண்ணெய்க் கட்சி. (ஆறிய சாம்பாரில் மேலே மிதப்பதைப் பாருங்கள், நிறம் எங்கே இருக்கிறது என்று தெரியும்.) நான் ஊற்றிய தண்ணீர் புளியை மட்டும் அழைத்துக்கொண்டு போனது. தேய்த்த தேய்ப்பில் எண்ணெயும் மஞ்சளும் இழைக்குள் நன்றாகப் பரவி உட்கார்ந்துகொண்டன.

வீட்டுக்கு வந்ததும் துணி சோப்பை எடுத்தேன். சோப்பு மூலக்கூறுக்கு ஒரு முனை தண்ணீரோடு சேரும், வால் எண்ணெயோடு சேரும். சீயக்காயும் பூந்திக்கொட்டையும் தலையில் எண்ணெய் எடுப்பது இப்படித்தான். கணக்கு சரிதான். ஆனால் துணி சோப்பு காரம் உள்ளது. போட்ட மாத்திரத்தில் மஞ்சள் கறை குங்குமம் கொட்டினாற்போல் சிவந்துவிட்டது. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே கூத்துதான். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏண்டா, நீதானே ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் இதைச் சொல்லித் தர்றே?" என்றாள். எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்ட தண்ணீரில் அலசியதும் சிவப்பு போய்ப் பழைய மஞ்சள் திரும்பியது. அதற்கு மேல் நான் கை வைக்கவில்லை.

மறுநாள் டிரை கிளீனிங் கடைக்காரர் பார்த்துவிட்டு, முதலில் தண்ணீர் ஊற்றியது யார் என்று இந்தியில் கேட்டார். டிரை கிளீனிங் என்றால் ஈரமே இல்லை என்று பொருளல்ல. தண்ணீர் இல்லை, அவ்வளவுதான். பல இடங்களில் டெட்ராகுளோரோஎத்திலீன் என்னும் முனைவற்ற கரைப்பானைப் பயன்படுத்துகிறார்கள். எண்ணெய் அதில் சுத்தமாகக் கரைந்து போய்விட்டது. மஞ்சளின் நிறமியான குர்குமின் மட்டும் முழுதும் போகவில்லை. அது ஒரு இரண்டுங்கெட்டான். தண்ணீரில் கரையாது; ஆனால் பட்டு நூலைப் பற்றிக்கொள்ளச் சில முனைவுள்ள கைகள் அதற்கு உண்டு. அந்தக் காலத்தில் பட்டுக்கே மஞ்சளால் சாயம் போட்டிருக்கிறார்கள்.

செய்திருக்க வேண்டியது இவ்வளவுதான்: தேய்க்காமல் உலர்ந்த துணியால் ஒற்றி, எண்ணெயை உறிஞ்ச முகப்பவுடரோ மாவோ தூவி, தண்ணீர் படாமல் கடைக்கு எடுத்துப் போயிருக்க வேண்டும்.

அன்றைய பந்தியிலேயே எதிரே ஒரு குழந்தை மிளகாயைக் கடித்துவிட்டு டம்ளர் டம்ளராகத் தண்ணீர் குடித்து அழுதது. மிளகாயின் கேப்சைசினும் எண்ணெய்க் கட்சிதான். தண்ணீர் அதை வாய் முழுக்கப் பரப்பும், அவ்வளவே. பக்கத்து இலைப் பாட்டி ஒரு கரண்டித் தயிரை ஊட்டினாள், அழுகை நின்றது. தயிரிலும் பாலிலும் உள்ள கேசீன் புரதமும் கொழுப்பும் அதை அப்புறப்படுத்திவிடும். அந்தக் காரம் நரம்பில் எந்த ஏற்பியைத் தூண்டுகிறது என்று கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பாட்டி எந்த வகுப்பிலும் இதைப் படித்ததில்லை.

புடவையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெளிறிய மஞ்சள் இன்னும் இருக்கிறது. அம்மா அதைக் கொசுவத்துக்குள் மடித்து வைத்துத்தான் கட்டுகிறாள்.