ஸ்பென்சர் பிளாசா: மங்கிய மாளிகை

மால் என்ற சொல்லையே தமிழர்களுக்கு அறிமுகப்படுத்திய அண்ணா சாலைக் கட்டடம் களையிழந்து நிற்கிறது. மெட்ரோ ரயில் வந்துவிட்டது. கூட்டம் திரும்புமா?

சென்னை ஸ்பென்சர் பிளாசாவுக்குள் நுழைபவர்களை இன்று முதலில் வரவேற்பது குரல்கள். காஷ்மீர் சால்வைக் கடையிலிருந்து, செல்போன் உறை விற்கும் கடையிலிருந்து, டி-ஷர்ட் கடையிலிருந்து என்று வாசலில் நின்று அழைக்கிறார்கள். பக்கத்திலேயே இறங்கிய ஷட்டர்கள். 1990-களில் இங்கே யாரும் யாரையும் கூவி அழைக்க வேண்டியிருக்கவில்லை. முதலமடையிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ சென்னைக்கு வரும் உறவினருக்குக் காட்ட வேண்டிய இடங்களில் மெரினாவுக்கு அடுத்தது ஸ்பென்சர்தான். எதுவும் வாங்காவிட்டால் என்ன, ஏ.சி.யில் நடந்து, எஸ்கலேட்டரில் பயந்து பயந்து காலை வைத்துவிட்டு வந்தாலே போதும்.

பெயருக்குப் பின்னால் நீண்ட கதை உண்டு. 1863-ல் மதராஸில் தொடங்கிய கடை, யூஜின் ஓக்‌ஷாட் என்ற வெள்ளைக்காரரின் கைக்கு வந்தபின் மவுன்ட் ரோடில் பிரம்மாண்டமாக எழுந்தது. போக்சன் வடிவமைத்த அந்தச் செங்கல் கட்டடத்தில் துரைமார்களுக்குத் தேவையான அத்தனையும் கிடைத்தது. 1980-களின் தொடக்கத்தில் ஒரு தீ விபத்து அதை விழுங்கியது. அந்த இடத்தில்தான் இன்றைய பிளாசா வளர்ந்தது, ஒரே மூச்சில் அல்ல, மூன்று கட்டங்களாக. உள்ளே வழி தெரியாமல் சுற்றுபவர்கள் அதற்கு இந்தக் கட்டங்களைத்தான் நொந்துகொள்ள வேண்டும்.

வந்த நேரம் நல்ல நேரம். 1991-ல் பொருளாதாரக் கதவுகள் திறந்தன. வெளிநாட்டுச் சாமானுக்குப் பர்மா பஜாரை நாடிய நடுத்தர வர்க்கம், பில் போட்டுத் தரும் கடைகளில் கௌரவமாக வாங்கத் தொடங்கியது.

பிறகு போட்டி வந்தது. 2006-ல் மயிலாப்பூரில் சிட்டி சென்டர். 2010-ல், நடந்தே போய்விடக்கூடிய ராயப்பேட்டையில், எக்ஸ்பிரஸ் அவென்யூ. 2013-ல் வேளச்சேரியிலும் வடபழனியிலும் இன்னும் இரண்டு. எல்லாவற்றிலும் மல்டிபிளெக்ஸ் தியேட்டர் இருந்தது, ஸ்பென்சரில் இல்லை. போதாக்குறைக்கு மெட்ரோ சுரங்கப் பணி அண்ணா சாலையைப் பல ஆண்டுகள் சுற்றுவழிகளும் தடுப்புகளுமாக ஆக்கிவைத்தது. ஆன்லைன் வியாபாரம் எஞ்சியதில் கைவைத்தது.

ஆனால் போட்டியை மட்டும் குறை சொன்னால் பாதிக் கதைதான். புதிய மால்களில் கட்டடம் முழுவதும் பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கும். எந்தக் கடை எங்கே வர வேண்டும், எதை வெளியேற்ற வேண்டும், கூட்டத்தை இழுக்கும் பெரிய பிராண்டுக்கு எவ்வளவு வாடகையைக் குறைக்கலாம் என்பதை அது தீர்மானிக்கும். ஸ்பென்சரில் கடைகள் தனித்தனியாக விற்கப்பட்டன. ஒருவர் சேமிப்பைப் போட்டு வாங்கியிருப்பார். இன்னொருவர் வெளியூரில் இருந்துகொண்டு வாடகைக்கு விட்டிருப்பார். நான்கு சிறு கடைகளை இணைத்து ஒரு பெரிய கடை ஆக்க வேண்டுமானால் நான்கு பேர் சம்மதிக்க வேண்டும். கழிப்பறையைப் புதுப்பிக்கவும் எஸ்கலேட்டரை மாற்றவும் யார் எவ்வளவு தருவது? பூட்டிய கடைக்காரருக்குப் பராமரிப்புக் கட்டணம் தண்டச் செலவாகத்தான் தெரியும். அவர் தயங்கினால் திறந்திருக்கும் கடைக்காரர் வியர்க்க வேண்டியதுதான். எழும்பூரின் அல்சா மால், ஃபவுன்டன் பிளாசா போன்றவையும் இதே தலைமுறையைச் சேர்ந்தவை.

இது சென்னையின் நோய் மட்டுமல்ல. நாட்டின் எட்டுப் பெரு நகரங்களில், 40 சதவீதத்துக்கு மேல் காலியாகக் கிடக்கும் வணிக வளாகங்கள் 2022-ல் 57 ஆக இருந்து 2023-ல் 64 ஆகிவிட்டதாக நைட் ஃபிராங்க் நிறுவனம் கணக்கிட்டது. 'பேய் மால்கள்' என்று அதற்கு ஒரு பெயரும் வைத்தாகிவிட்டது.

ஸ்பென்சரைப் பேய் மால் என்று ஒதுக்கிவிட முடியாது. 2019 பிப்ரவரியில் அண்ணா சாலைக்கு அடியில் மெட்ரோ ஓடத் தொடங்கியது, எல்.ஐ.சி. நிலையத்தில் இறங்கினால் பிளாசா பக்கம்தான். நகரத்தில் இதைவிட மையமான இடம் கிடைப்பது கடினம். வேறொரு சாதகமும் இருக்கிறது, விசித்திரமான சாதகம். பெரிய மால்களின் வாடகையை நினைத்துக்கூடப் பார்க்க முடியாத கைவினைப் பொருள் வியாபாரிக்கும் பச்சை குத்துபவருக்கும் செல்போன் பழுதுபார்ப்பவருக்கும் இங்கேதான் சிறிய அளவில் இடம் கிடைக்கிறது. ஒரே முதலாளி இருந்திருந்தால் இவர்களை எப்போதோ காலிசெய்து, எல்லா ஊரிலும் கிடைக்கும் அதே செருப்பையும் அதே பர்கரையும் கொண்டுவந்திருப்பார்.

ஆகவே மறுமலர்ச்சி என்பது இங்கே புதிய பெயிண்ட் விவகாரம் அல்ல. உரிமையாளர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து, பூட்டிய கடைகளைச் சேர்த்து ஒரு பொது நிர்வாகத்திடம் வாடகைக்கு விடச் சம்மதிக்க வேண்டும். அது நடக்கும்வரை தரைத்தளக் கடைக்காரர்கள் மதிய வேளையை நம்பியிருக்கிறார்கள். மேல் தளங்களில் இயங்கும் அலுவலகங்களின் ஊழியர்கள் அப்போதுதான் சாப்பிடக் கீழே இறங்குவார்கள்.