வீட்டுக்கும் வேண்டும் ஒரு மெகா பிளாக்

ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனுக்குப் போய், 'மெகா பிளாக்' என்ற அறிவிப்பைக் கேட்டு ரயில்வேயைத் திட்டாத மும்பைத் தமிழர் உண்டா? தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்த நானும் அந்த வசவுகளை வாங்கியவன்தான்.

நெடுந்தூரம் பற்றவைத்த தண்டவாளம் வெயிலில் நீளப் பார்க்கும். இறுக்கிப் பிடித்திருப்பதால் நீள வழியில்லை. அழுத்தம் உள்ளேயே சேரும், கண்ணுக்குத் தெரியாது. அளவு மீறினால் பாம்புபோல் நெளிந்துவிடும். அதனால் வண்டிகளை நிறுத்தி, பிடிப்புகளைத் தளர்த்தி, தண்டவாளத்தை அதன் இயல்புக்கு வரவிட்டு, பிறகு மீண்டும் இறுக்குவோம். இந்த வேலைக்கு 'டீஸ்ட்ரெஸ்ஸிங்' என்றே பெயர்.

ஊருக்குச் செய்ததை நான் என் வீட்டில் செய்யவில்லை.

என் மனைவி ஃபோர்ட்டில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். விடியற்காலையில் தண்ணீர் பிடித்து, சமைத்து, டப்பா கட்டிவிட்டு, செம்பூரில் 8.10 லோக்கலைப் பிடிப்பாள். மாலையில் லேடீஸ் கம்பார்ட்மெண்டிலேயே பீன்ஸ் நறுக்கிக்கொண்டு வருவாள். நானோ வந்ததும் பேப்பரை விரித்து, "காபி" என்பேன். 1996-இல் அவள் வேலையை விட்டாள். "அவளாகவே விட்டாள்" என்று எல்லோரிடமும் சொல்லி வந்தேன்.

சென்ற ஆண்டு பேரனுக்குக் காய்ச்சல். மகனுக்கு ஐரோலியில் வேலை. மருமகளுக்குப் பாந்திரா-குர்லாவில் வங்கி வேலை. யார் லீவு போடுவது என்பதில் சண்டை வந்து, மூன்று நாள் பேச்சே இல்லை. நான் பெரியவனாக, "கொஞ்ச நாள் வேலையை விட்டால் என்னம்மா?" என்றேன். சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்: "என்னங்க, அன்னிக்கு என்கிட்டேயும் இதைத்தானே கேட்டீங்க? நான் விருப்பப்பட்டா விட்டேன்?"

எனக்குப் பதில் வரவில்லை.

அமெரிக்க சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்ட் 1989-இல் இதற்கு 'இரண்டாம் ஷிப்ட்' என்று பெயர் வைத்தார். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்வோரில் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடமும், ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுகிறார்கள். நம் மாட்டுங்கா ஸ்டேஷன் 2017-இல் முழுவதும் பெண் ஊழியர்களிடமே ஒப்படைக்கப்பட்டது. ஸ்டேஷனையே நடத்தத் தெரிந்தவர்களுக்கும் வீடு திரும்பினால் அடுத்த ஷிப்ட் காத்திருக்கிறது! ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பக வசதி வேண்டும் என்று 2017-இல் சட்டம் வந்தது. இளம் தம்பதிகள் தங்கள் அலுவலகத்தில் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

எங்கள் வீட்டில் செய்த ஏற்பாட்டைச் சொல்கிறேன்.

1. ஞாயிறு மாலை அரை மணி நேரம் பிளாக். டி.வி., செல்போன் கிடையாது. வரும் வாரம் யார் எதைச் செய்வது என்று நால்வரும் பேசி முடிவெடுக்கிறோம். பழைய கணக்கை அப்போது எடுக்கக் கூடாது.

2. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் லீவு முறைவைத்துத்தான். ஒரு தடவை மகன், ஒரு தடவை மருமகள்.

3. தண்ணீர் பிடிப்பது, மாட்டுங்கா மார்க்கெட், பேரனைப் பள்ளியில் விடுவது எல்லாம் என் பொறுப்பு. 'உதவி' என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். அது என் வேலை.

4. தூக்கம் கெட்டு, அழுகையும் எரிச்சலும் நாள் கணக்கில் நீடித்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் போக வேண்டும். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் தமிழிலும் இலவசமாகப் பேசலாம்.

சண்டையே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று நாள் மௌனம் பிறகு வரவில்லை.

காலைக் காபி இப்போது என் கையால்தான். முதல் வாரம் டிகாக்ஷன் கழுநீராக இறங்கியது. மனைவி ஒன்றும் சொல்லாமல் குடித்தாள். 1996-இல் போட்டுக் கொடுத்திருக்க வேண்டிய காபி அது. இளைஞர்களே, நீங்கள் அவ்வளவு தாமதிக்காதீர்கள்.