விதானையாரின் வாக்கும் வர்த்தமானியின் கேள்வியும்

அறுபதுகளுக்கு முந்திய புத்தளம் கரையில் ஒருவன் எப்படிப்பட்டவன் என்று அரசாங்கம் அறிய விரும்பினால் விதானையாரைத்தான் கேட்கும். கற்பிட்டியிலோ முந்தலிலோ உடப்பிலோ ஒரு இளைஞனுக்குக் கந்தோர் வேலை கிடைக்க இருந்தால், அவன் தகப்பனையும் பாட்டனையும் விதானையார் அறிவார். இருபது வயதில் தவறணை வாசலில் அடிபட்டுத் தண்டம் கட்டியதும் அவருக்குத் தெரியும். அதன்பிறகு ஒழுங்காகத் தொழிலுக்குப் போய்த் தங்கச்சிமாரைக் கரைசேர்த்ததும் தெரியும். இரண்டையும் வைத்துத்தான் வாக்குச் சொல்வார்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். விதானைப் பதவி பெரும்பாலும் சில குடும்பங்களுக்குள்ளேயே சுற்றிவந்தது. அவருக்குப் பிடிக்காதவன், ஏழை, சாதியில் தாழ்த்தப்பட்டவன் ஆகியோரின் நற்சான்று அவர் மேசையிலேயே கிடந்து மக்கிப்போகலாம். 1963இல் அந்த முறை ஒழிக்கப்பட்டு கிராம சேவகர் வந்தது நல்லதே.

ஆனால் விதானையாரோடு ஊரறிவும் போகத் தொடங்கியது. இன்றைய கிராம உத்தியோகத்தர் வேற்றூரிலிருந்து மாற்றலாகி வந்தவராகவும் இருக்கலாம். ஊரும் பழைய ஊரல்ல. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வெளியேற்றிய வடக்கு முஸ்லிம்கள் பல்லாயிரக்கணக்கில் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் வந்து சேர்ந்தபோது, அவர்களைச் சிறுவயது முதல் அறிந்தவர்கள் திக்குக்கொருவராய்ச் சிதறியிருந்தார்கள். ஒருவரின் நடத்தைக்குக் காகிதமே சாட்சி என்றாகிவிட்டது.

அந்தக் காகிதம் வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் வருகிறது. அரச பதவிகளுக்கான விண்ணப்பப் படிவங்களில், நீதிமன்றத்தால் எப்போதாவது குற்றவாளியாகக் காணப்பட்டீர்களா என்ற கேள்வி வழக்கமாக இருக்கும். அடியில் ஓர் உறுதிமொழி: தந்த விபரம் பொய்யென்று தெரிவுக்கு முன் தெரியவந்தால் தகுதி இழப்பேன், நியமனத்துக்குப் பின் தெரியவந்தால் நட்டஈடு ஏதுமின்றிச் சேவையிலிருந்து நீக்கப்படுவேன். கையெழுத்திடும் எத்தனை பேர் இதை வாசித்துப் பார்க்கிறார்கள்?

இந்தக் கரையில் அந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. 2012இல் மட்டும் 6,000க்கும் மேற்பட்ட இலங்கையர் படகில் அவுஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார்கள். சிலாபம், கற்பிட்டிப் பக்கமிருந்தும் படகுகள் கிளம்பின. 2013 செப்டெம்பருக்குப் பின் அவுஸ்திரேலியா கடலிலேயே மறித்துத் திருப்பியது. 2022இன் நெருக்கடியில் மறுபடியும் படகு ஏறினார்கள். விமானத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர்களை நீர்கொழும்பு நீதவான் முன் நிறுத்துவது வழக்கம். 1948ஆம் ஆண்டின் குடிவரவு, குடியகல்வுச் சட்டப்படி, அனுமதிக்கப்பட்ட துறைமுகம் வழியாக அல்லாமல் நாட்டை விட்டுப் போவது குற்றம். ஐந்து ஆண்டு வரை சிறையும் 200,000 ரூபா வரை தண்டமும் விதிக்கலாம். நடைமுறையில் வெறும் பயணியாகப் போனவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போவார். மறுத்தால் பிணை, தவணை, பஸ் செலவு, தொழில் கெட்ட நாட்கள். கடன்பட்டு ஏஜென்சிக்காரனுக்குக் காசு கொடுத்தவன் எதைத் தேர்வான்?

தண்டம் கட்டியதோடு முடிந்தது என்றே அவன் நினைக்கிறான். அது குற்றத்தீர்ப்பு. பத்து வருடம் கழித்துப் பிரதேச சபையிலோ ஆஸ்பத்திரியிலோ சிற்றூழியர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, "ஆம்" என்று எழுதினால் வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறான். "இல்லை" என்று எழுதினால் அந்தப் பொய்யே அவனை வேலையிலிருந்து நீக்கப் போதுமான காரணமாகிவிடுகிறது. செய்த குற்றத்தைவிட மறைத்த குற்றம் பெரிதாகிறது.

பாரதூரமான குற்றத்தை மறைத்துப் பாடசாலைக்குள்ளோ பொலிசுக்குள்ளோ நுழைந்தவரை நீக்கத்தான் வேண்டும். அதில் எனக்குத் தயக்கமில்லை. எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுப்பதைத்தான் எதிர்க்கிறேன். இந்திய உச்ச நீதிமன்றம் 2016இல் அவ்தார் சிங் வழக்கில் இதை நிதானமாகப் பார்த்தது. இள வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப விடயத்தை ஒருவர் மறைத்திருந்தால், பதவியின் தன்மையைப் பார்த்து அந்த மறைப்பை நியமன அதிகாரி பொருட்படுத்தாமல் விடலாம் என்றது. உண்மையைச் சொன்னவருக்கும் வேலை கட்டாயமில்லை, ஆனால் ஆராய்ந்தே முடிவெடுக்க வேண்டும் என்றும் சொன்னது. பிரித்தானியா 1974இலேயே, குறித்த காலம் நல்லபடி வாழ்ந்தவரின் பழைய தண்டனையைப் பெரும்பாலான வேலைகளுக்குச் சொல்லத் தேவையில்லை என்று சட்டம் செய்தது.

நம் சட்டத்திலும் ஒரு கதவு இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவின்படி, சிறு குற்றங்களில் வயதையும் முன் நடத்தையையும் கருதி, குற்றத்தீர்ப்பு எழுதாமலே நீதவான் ஒருவரை விடுவிக்கலாம். அதைக் கேட்கச் சட்டத்தரணி வேண்டும். விண்ணப்பப் படிவத்திலும் அந்தக் கேள்விக்குக் கீழே நாலு வரி இடம் வேண்டும்: என்ன குற்றம், எந்த வருடம், என்ன தண்டனை, அதற்குப் பின் என்ன செய்தீர்கள்.