ஆரலின் (பாய்மரப் படகு)

ஆரலின் என்பது மோரிஸ் பெய்லி, மேரலின் பெய்லி என்னும் இங்கிலாந்துத் தம்பதியர் வசித்துப் பயணம் செய்த 31 அடி நீளப் பாய்மரப் படகு ஆகும். டெர்பியில் இருந்த வீட்டை விற்று இதை வாங்கிய இருவரும், நியூசிலாந்தில் குடியேறும் திட்டத்துடன் 1972 சூன் மாதம் புறப்பட்டனர்.

1973 மார்ச் 4 அன்று, பனாமாவிலிருந்து கலாபகசு தீவுகளுக்குச் செல்லும் வழியில் திமிங்கிலம் மோதிப் படகு மூழ்கியது. சேர்த்துக் கட்டிய மிதவையிலும் சிறு ரப்பர் படகிலும் இருவரும் ஏறத்தாழ 4 மாதங்கள் மிதந்தனர். மழைநீரைக் குடித்து, ஆமைகளையும், ஊக்குகளை வளைத்துச் செய்த தூண்டிலில் சிக்கிய மீன்களையும் பச்சையாக உண்டனர். ஏழு கப்பல்கள் இவர்களைக் கவனிக்காமல் கடந்து சென்றன. நம்பிக்கை தளராதிருக்க, அடுத்த படகின் அமைப்பையும் அதில் பட்டகோனியா செல்லும் பயணத்தையும் மிதவையிலேயே திட்டமிட்டனர்.

சூன் 30 அன்று வோல்மி 306 என்ற தென்கொரிய மீன்பிடிக் கப்பல் இவர்களை மீட்டது. பின்னர் இரண்டாம் ஆரலினைக் கட்டி, நியூசிலாந்துக்கு மாறாகப் பட்டகோனியாவுக்குச் சென்றனர்.