கடற்பசுவைக் காண ஒரு பாய்மரப் பயணம்

ஜொகூர் மாநிலத்தின் செகாமட் மாவட்டத்தில் அமைந்துள்ள சாஆ, கடலைப் பார்க்காத ஊர். செம்பனைத் தோட்டங்களும் ரப்பர்த் தோட்டங்களும் சூழ்ந்த அந்தச் சிறுநகரத்தில் அலையோசை கேட்பதில்லை. ஆனால், அங்கிருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டு, குளுவாங், கஹாங், ஜெமாலுவாங் வழியாகக் காரில் சென்றால் இரண்டு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலான பயணத்தில் மெர்சிங் கடற்கரையை அடைந்துவிடலாம். அந்தக் கரைக்கு அப்பால் சீபு, திங்கி, பெசார், ராவா, தெங்கா எனப் பல தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள கடற்பகுதியே சுல்தான் இஸ்கண்டார் கடல் பூங்கா ஆகும்.

இக்கடலில் பச்சை ஆமைகளும் அழுங்காமைகளும் வாழ்கின்றன. ஓங்கில்களும் அவ்வப்போது தலைகாட்டுகின்றன. இவை எல்லாவற்றையும்விட அரிதான ஓர் உயிரினமும் இங்கு உண்டு. அதுதான் கடற்பசு. மலாய் மொழியில் அதனை ‘டுயோங்’ என்பர். தமிழ்நாட்டு மீனவர்கள் ‘ஆவுளியா’ என்று அழைப்பர். அமைதியான இந்த விலங்கைக் காணப் பாய்மரப் படகில் செல்ல விரும்புவோர், பயணத்தைத் தொடங்கும் முன் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும். பார்க்கப் போகும் மனிதர்களால் அந்த விலங்குக்குத் தீங்கு நேராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

கடலில் மேயும் பசு

கடற்பசு மீன் அன்று, பாலூட்டி. ஏறத்தாழ 3 மீட்டர் நீளம் வரை வளரும். எடை 400 கிலோகிராம் அளவுக்கும் செல்லக்கூடும். தோற்றத்தில் ஓங்கிலை ஒத்திருந்தாலும், நிலத்தில் வாழும் விலங்குகளில் யானையே அதற்கு நெருங்கிய உறவு. அதன் உணவு கடற்புல். ஆழம் குறைந்த, வெயில் படும் கடலடியில் இப்புல் வளர்கிறது. கடற்பசு கீழ்நோக்கி வளைந்த தன் தடித்த உதடுகளால் புல்லை வேரோடு பிடுங்கித் தின்னும். அது மேய்ந்த இடத்தில் வெறும் மணல் தெரியும் வளைந்த கோடுகள் தோன்றும். இம்மேய்ச்சல் தடங்களைக் கொண்டே கடற்பசு அங்கு வந்து சென்றதை ஆய்வாளர்கள் அறிகின்றனர்.

நீருக்குள் மேய்ந்தாலும் மூச்சுக்காக அது மேலே வந்தே ஆக வேண்டும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூக்கின் நுனியை மட்டும் நீருக்கு வெளியே நீட்டி, ஓரிரு நொடிகளில் மூச்சை இழுத்துக்கொண்டு மீண்டும் மூழ்கிவிடும். ஓங்கிலுக்கு இருப்பது போன்ற முதுகுத் துடுப்பு இதற்கு இல்லை. ஆகவே, கடலைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருப்பவரின் கண்ணுக்கும் அது எளிதில் தென்படாது.

கடற்பசு 70 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. ஆனால், அதன் இனம் பெருகுவது மிக மெதுவாகவே நடைபெறும். தாய்ப்பசு ஓராண்டுக்கும் மேலாகக் கருவைச் சுமந்து, ஒரே ஒரு கன்றை ஈனும். அடுத்த கன்றை ஈனச் சில ஆண்டுகள் ஆகும். எனவே, வளர்ந்த கடற்பசு ஒன்று இறந்தாலும் அந்த இழப்பை ஈடுசெய்யப் பல ஆண்டுகள் தேவைப்படுகின்றன.

அன்பு மட்டும் போதாது

ஜொகூர் மக்களுக்குக் கடற்பசு புதிய விலங்கு அன்று. 1999-ஆம் ஆண்டில் பாசிர் கூடாங் அருகே மீனவர் ஒருவரின் மீன்பிடிப் பொறியில் ஒரு கடற்பசுக் கன்று சிக்கியது. அவர் அதனை அன்போடு கவனித்துக்கொண்டார். ‘சி தெனாங்’, அதாவது ‘அமைதியானவள்’ என்று அதற்குப் பெயரும் வழங்கலாயிற்று. செய்தி நாடெங்கும் பரவியது. அக்கன்றைக் காண மக்கள் ஆர்வத்தோடு வந்தனர். பின்னர் அது கடலில் விடப்பட்டது. ஆனால், அதன் வாழ்வு நீடிக்கவில்லை. வேறொரு பொறியில் சிக்கி அது இறந்துபோனது.

சி தெனாங்கின் கதை ஒன்றை உணர்த்துகிறது. அந்தக் கன்றை வெறுத்தவர் எவரும் இல்லை. எல்லாரும் அதனை நேசித்தனர். ஆயினும், அது வாழ வேண்டிய கடல் அதற்குப் பாதுகாப்பானதாக இல்லை. வலைகளும் பொறிகளும் படகுகளின் சுழல்விசிறிகளும் அழிந்துவரும் கடற்புல் வெளிகளும் கடற்பசுவின் உயிருக்கு இன்றும் ஊறு விளைவிக்கின்றன. அதே 1999-ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த மீன்வள ஒழுங்குவிதிகளின் கீழ் மலேசியக் கடலில் கடற்பசு பாதுகாக்கப்பட்ட உயிரினமாயிற்று. அதனைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றமாகும்.

பாய்மரப் படகின் இயல்பு

இத்தகைய விலங்கைக் காணச் செல்வதற்கு விசைப்படகைவிடப் பாய்மரப் படகு ஏற்றது எனப் பலர் கருதுவர். அதில் உண்மை உண்டு. பாய் விரித்துச் செல்லும்போது இயந்திரம் இரைவதில்லை, எண்ணெய்ப் புகை எழுவதில்லை, சுழல்விசிறி சுழல்வதில்லை. ஓசையை நம்பி வாழும் கடல் விலங்குகளுக்கு இது பெரிய நன்மை.

எனினும், பாய்மரப் படகுக்கும் சில வரம்புகள் உள்ளன. முதலாவது, காற்று. காற்று வரும் திசையை நேராக எதிர்த்துப் பாய்மரப் படகு செல்ல முடியாது. வலமும் இடமுமாக வளைந்து வளைந்தே முன்னேற வேண்டும். நல்ல காற்று வீசும் நாளில் படகு விரைந்து ஓடும். ஆனால், அந்நாளில் கடற்பரப்பில் அலைகள் எழுவதால் கடற்பசுவின் மூக்கு நுனி கண்ணில் படாது. கடல் கண்ணாடி போல் கிடக்கும் நாளிலோ பாய் தளர்ந்து தொங்கும். அன்று காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அந்தக் காத்திருப்புதான் கடற்பசுவைக் காணச் சிறந்த நேரம்.

இரண்டாவது, ஆழம். பெரிய பாய்மரப் படகுகளின் அடிப்பகுதியில் ஏரா என்னும் கனமான பகுதி நீருக்குள் நீண்டிருக்கும். காற்றின் வேகத்தில் படகு சாயாமலும் பக்கவாட்டில் நகராமலும் அது காக்கிறது. அதனால் ஆழம் குறைந்த கடற்புல் வெளிக்குள் அத்தகைய படகு நுழையக் கூடாது. நுழைந்தால் தரைதட்டும், புல்லும் சிதையும்.

மூன்றாவது, நங்கூரம். கடற்புல் வெளியில் நங்கூரம் இட்டால் அது புல்லை வேரோடு பெயர்த்துவிடும். காற்றின் திசை மாற மாறப் படகும் சுற்றும். அப்போது நங்கூரத்தின் இரும்புச் சங்கிலி கடலடியை வட்டமாக வழித்துவிடும். கடற்பசுவைக் காண வந்தவர்களே அதன் உணவை அழித்தவர்களாவர். ஆகவே, கட்டுமிதவை இருக்கும் இடத்தில் படகை மிதவையில் கட்ட வேண்டும். மிதவை இல்லாத இடத்தில் புல்லோ பவளமோ இல்லாத மணற்பகுதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அமைதியோடு மெதுவும் வேண்டும்

படகில் ஓசை இல்லை என்பதற்காக ஆபத்தே இல்லை என்று எண்ணுதல் தவறு. ஓசையின்றி விரைந்து வரும் படகை மேய்ந்துகொண்டிருக்கும் விலங்கு கடைசி நொடி வரை உணராமல் போகலாம். எனவே, கடற்பசு நடமாடும் பகுதியில் படகு அமைதியாக மட்டுமன்றி மெதுவாகவும் செல்ல வேண்டும். பாயைக் குறைத்து, முன்தளத்தில் ஒருவரைக் காவலுக்கு நிறுத்துவது நல்லது.

ஆஸ்திரேலியாவின் மோர்டன் விரிகுடாவில் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று இதனை மேலும் தெளிவாக்குகிறது. படகு 50 மீட்டருக்கும் குறைவான தொலைவில் கடந்து சென்றபோது, கடற்பசுக்கள் மேய்ச்சலைக் கைவிடுவது மிகுதியாக இருந்தது. ஒருமுறை மேய்ச்சல் தடைபட்டால் பெரிய இழப்பு இல்லை. ஆனால், நாள்தோறும் பல படகுகள் வந்தால், தின்ன வேண்டிய நேரமெல்லாம் விலகி ஓடுவதிலேயே கழிந்துவிடும். அவ்விரிகுடாவில் கடற்பசுக்களுக்காகவும் ஆமைகளுக்காகவும் படகுகள் மெதுவாகச் செல்ல வேண்டிய பகுதிகள் வரையறுக்கப்பட்டுள்ளன.

ஆகவே, கடல் விலங்கைக் கண்டதும் படகோட்டி பின்பற்ற வேண்டிய நெறிகள் சில உள்ளன. விலங்கைத் துரத்தக் கூடாது. அதன் வழியை மறிக்கக் கூடாது. தாயையும் கன்றையும் பிரிக்கும் வகையில் இடையில் புகக் கூடாது. அதற்கு உணவு கொடுக்கவோ அதைத் தொடவோ கூடாது. வேறு படகு ஏற்கெனவே அங்கு இருந்தால் தன் முறை வரும்வரை தொலைவிலேயே நிற்க வேண்டும். சிறிது நேரம் பார்த்த பிறகு, விலங்கு விலகுவதற்கு முன்பே படகு விலகிவிட வேண்டும்.

பயணத்திற்கான ஆயத்தம்

மெர்சிங் கடலில் எல்லா மாதங்களிலும் பயணம் செய்ய இயலாது. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும். அப்போது கடல் கொந்தளிக்கும். சிறிய படகுகளில் செல்வது உயிருக்கு ஆபத்தாகும். கடல் தணிந்திருக்கும் எஞ்சிய மாதங்களே பயணத்திற்கு உகந்தவை. அம்மாதங்களிலும் வானிலை அறிக்கையைப் பார்த்த பிறகே புறப்பட வேண்டும். மேலும், மெர்சிங் படகுத்துறை ஆற்று முகத்துவாரத்தில் அமைந்துள்ளது. நீர் வற்றும் வேளையில் அங்கு ஆழம் குறைந்துவிடும். எனவே, படகுகள் நீரேற்றத்தின் நேரத்தைப் பொறுத்தே புறப்படுகின்றன.

சாஆவிலிருந்து ஒரு குடும்பம் இப்பயணத்தை மேற்கொள்வதாக இருந்தால், உரிமம் பெற்ற படகோட்டியோடு செல்லும் படகையே அமர்த்த வேண்டும். ஒவ்வொருவரும் உயிர்காப்பு மேலங்கி அணிய வேண்டும். போதிய குடிநீர், தொப்பி, தொலைநோக்கி ஆகியவை கையில் இருக்க வேண்டும். ஒரு குறிப்பேடும் தேவை. எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த இடத்தில், எத்தனை விலங்குகள் தென்பட்டன என்பதைக் குறித்து ஆய்வாளர்களிடம் அளித்தால் அது பயனுள்ள தகவலாகும்.

இத்தகைய தகவல்களைத் திரட்டி ஆராயும் பணியில் மலேசியர்கள் பலர் ஈடுபட்டுள்ளனர். அவர்களுள் முனைவர் லூயிசா பொன்னம்பலம் குறிப்பிடத்தக்கவர். கடற்பாலூட்டிகளை ஆராய்ந்து பாதுகாப்பதற்காக 2012-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ‘மாரிசெட்’ அமைப்பின் நிறுவனர்களுள் அவரும் ஒருவர். ஜொகூர்க் கடற்பசுக்கள் பற்றி அவரும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை 2015-ஆம் ஆண்டில் அனைத்துலக ஆய்விதழில் வெளிவந்தது. சீபு, திங்கித் தீவுகளைச் சூழ்ந்த கடல் கடற்பசுக்களுக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதை அவர்களின் ஆய்வு எடுத்துக்காட்டியது.

தமிழ்நாட்டிலும் இத்தகைய முயற்சி நடைபெறுகிறது. 2022-ஆம் ஆண்டில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைகளை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுரக் கிலோமீட்டர் பரப்பு, இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. வலையில் தவறிச் சிக்கிய கடற்பசுவை மீண்டும் கடலில் விடும் மீனவர்களுக்கு அங்கு வெகுமதி வழங்கப்படுகிறது. கடலை நம்பி வாழ்பவர்கள் துணை நின்றால்தான் கடற்பசுவைக் காக்க முடியும் என்பதை இது காட்டுகிறது.

காணாமல் திரும்பினாலும்

கடற்பசுவுக்கு வடகடலில் ஓர் உறவினம் இருந்தது. ஸ்டெல்லர் கடற்பசு என்பது அதன் பெயர். 1741-ஆம் ஆண்டில் பெரிங் கடலில் ஐரோப்பியர் அதனை முதன்முதலாகக் கண்டறிந்தனர். அதன் பிறகு பாய்மரக் கப்பல்களில் வந்த வேட்டைக்காரர்கள் அதனை உணவுக்காகக் கொன்று குவித்தனர். 1768-ஆம் ஆண்டளவில் அவ்வினம் அடியோடு அழிந்துபோனது. கண்டறிந்ததற்கும் அழித்ததற்கும் இடையே வெறும் 27 ஆண்டுகளே இருந்தன.

அன்று பாய்மரக் கப்பல் கொல்வதற்காக வந்தது. இன்று பாய்மரப் படகு காண்பதற்காகச் செல்கிறது. இந்த மாற்றம் முழுமை பெற வேண்டுமாயின், காண்பதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதைப் பயணிகள் ஏற்க வேண்டும். நாள் முழுவதும் காத்திருந்தும் கடற்பசு தென்படாமல் போகலாம். அதற்காகப் படகோட்டியை வற்புறுத்திப் புல்வெளிக்குள் செலுத்தச் சொல்வது முறையன்று. கடலடியில் எங்கோ அது அச்சமின்றி மேய்ந்துகொண்டிருக்கிறது என்றால், அந்தப் பயணத்தால் அதற்குத் தீங்கு நேரவில்லை என்பது பொருள். வெறுங்கண்ணோடு சாஆவுக்குத் திரும்பும் குடும்பத்திற்கு அந்த நிறைவே போதும். அடுத்த பருவத்தில் மீண்டும் சென்று பார்க்க, கடற்பசு அங்கேயே இருக்கும்.