கோட்டையில் 1680-ல் நடந்த கல்யாணத்துக்கு ஆதாரம் இருக்கு... பாட்டி கல்யாணத்துக்கு?

சென்னை கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் 1680-ம் ஆண்டு நவம்பர் 4-ந்தேதி ஒரு கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை, பின்னாளில் கோட்டை கவர்னர் ஆன எலிகு ஏல். மணப்பெண், கேதரின் ஹின்மர்ஸ் என்ற விதவை. அந்த தேவாலயப் பதிவேட்டில் ஏறிய முதல் கல்யாணம் அதுதான். 1753-ல் அங்கேயே ராபர்ட் கிளைவ், மார்கரெட் மாஸ்கலினைக் கைப்பிடித்தார்.

வெள்ளைக்காரர் கல்யாணத்துக்கு இத்தனை வருஷம் கழித்தும் தேதி சொல்லலாம். நம்ம பாட்டி கல்யாணம் எந்த வருஷம்? அவரைப் பெற்ற தாய் பேர் என்ன? கேட்டால் பல வீடுகளில் பெரியவர்களே விழிக்கிறார்கள்.

வம்சாவளி தேடுகிறவர்கள் முட்டி நிற்கிற இடமும் இதுதான். ஆண்கள் பேர் பட்டா, பத்திரம் என்று எங்காவது மாட்டும். வீட்டோடு இருந்த பெண்கள் பேர் பெரும்பாலும் கல்யாணக் காகிதத்தில்தான் இருக்கும்.

ரிஜிஸ்தர் ஆபீசில் கிடைக்குமா?

பதிந்திருந்தால் கிடைக்கும். கட்டணம் கட்டி நகல் வாங்கலாம். ஆனால் தமிழ்நாட்டில் எந்த மதத்தினரும் கல்யாணத்தைக் கட்டாயம் பதிய வேண்டும் என்ற சட்டம் அமலுக்கு வந்தது 2009 நவம்பர் 24-ல்தான். 1955-ம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்திலேயே பதிவுக்கு வழி இருந்தது. பல பேர் அந்தப் பக்கமே போகவில்லை. மேளம் கொட்டியது, தாலி ஏறியது, பந்தி நடந்தது. அதோடு சரி!

பின்னே எங்கே தேடுவது?

கிறிஸ்தவ குடும்பம் என்றால் கல்யாணம் நடந்த தேவாலயத்தில் கேட்கலாம். மணமக்கள் வயது, தொழில், தகப்பனார் பேர், சாட்சி கையெழுத்து எல்லாம் அங்குள்ள ஏட்டில் இருக்கும். ஊரும் உத்தேச வருஷமும் தெரிந்து போனால் வேலை சுளுவு. சென்னை மாகாணத்து ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் கல்யாணப் பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் உள்ளன.

முஸ்லிம் குடும்பங்கள் பள்ளிவாசல் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டைப் பார்க்கலாம். நகரத்தார் வீடுகளில் கல்யாணத்தன்றே எழுதும் ‘இசைகுடிமானம்’ உண்டு.

மற்றவர்களுக்கு?

பரண் மேல் ஏறுங்கள்! பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்று கிடைத்தால் இரண்டு தலைமுறை பேர் கிடைத்த மாதிரி. அதில் ‘விய வருஷம் தை மாதம்’ என்று மட்டும் இருந்தால் கலங்க வேண்டாம். அது 1947 ஜனவரி - பிப்ரவரி. ஆனால் 60 வருஷத்துக்கு ஒருமுறை அதே பேர் திரும்ப வரும். 1887-ஆ, 1947-ஆ என்று ஆளின் வயதை வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

அடுத்தது மொய் நோட்டு. இன்னார், இன்ன ஊர், இன்ன தொகை என்று வரிசையாக இருக்கும். பாட்டி பிறந்த ஊர் தெரியாதவர்கள், பெண் வீட்டு மொய்யில் எந்த ஊர் பேர் அதிகம் வருகிறது என்று பார்த்தால் போதும். அந்த ஊருக்கு பஸ் ஏறி விசாரித்தால், பேர் தெரிந்த கிழவர் ஒருவராவது திண்ணையில் இருப்பார்.

வீடு வெள்ளையடிக்கும்போது பழைய பேப்பர்காரர் தராசில் முதலில் ஏறுவது இந்த நோட்டுதான். கால் கிலோ கூட தேறாது. போடுவதற்கு முன் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். பாட்டி பேர் அதில் இருக்கலாம்!