பேனாவைக் கடித்தால் மகிழ்ச்சி வருமா?

ஒரு பேனாவை உதட்டில் படாமல் முன்பற்களால் மட்டும் கவ்விக்கொண்டு கண்ணாடியைப் பாருங்கள். கன்னம் மேலேறி, வாயோரம் இழுபட்டு, ஈயென்று இளித்த முகம் தெரியும். இனி பல்லை விலக்கி, உதடுகளைக் குவித்துப் பிடியுங்கள். உம்மணாமூஞ்சி ஆகிவிடுவீர்கள். மனத்தில் மகிழ்ச்சியும் இல்லை, கோபமும் இல்லை; வேலை செய்தவை தசைகள் மட்டுமே.

1988-ல் ஜெர்மானிய உளவியலாளர் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராக்கும் சகாக்களும் இதையே சோதனையாக்கினார்கள். கை வழங்காதவர்கள் வாயால் எழுதுவது பற்றிய ஆய்வு என்று சொல்லி, பேனாவை இரண்டு விதமாகவும் பிடிக்கவைத்தார்கள். அந்த நிலையிலேயே கேலிச்சித்திரங்களுக்கு 0 முதல் 9 வரை மதிப்பெண் போடச் சொன்னார்கள். பல்லால் கவ்வியவர்கள் சராசரியாக 5.14 போட்டார்கள், உதட்டால் பிடித்தவர்கள் 4.32. சிரியுங்கள் என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

அழுவதால்தான் துக்கம் வருகிறது, துக்கத்தால் அழுகை வருவதில்லை என்று வில்லியம் ஜேம்ஸ் 1884-லேயே தலைகீழாக ஒன்றைச் சொல்லியிருந்தார். அதற்கு ஒரு பேனா சாட்சி சொன்னதும் பாடநூல்கள் பிடித்துக்கொண்டன. தன்னம்பிக்கைப் பேச்சாளர்களைக் கேட்கவே வேண்டாம்.

2016-ல் 17 ஆய்வகங்கள் ஏறத்தாழ 1,900 பேரை வைத்து அதே சோதனையைத் திரும்பச் செய்தன. இரு தரப்புக்கும் இடையிலான வித்தியாசம் 0.03! ஸ்ட்ராக் விடவில்லை. தாங்கள் செய்தபோது கேமரா கிடையாது. இம்முறை பேனாவைச் சரியாகப் பிடிக்கிறார்களா என்று பார்க்க ஒன்றை வைத்துவிட்டார்களே என்றார். யாரோ கவனிக்கிறார்கள் என்று தெரிந்தால் மனம் தன் உணர்வைவிட்டுப் பார்ப்பவர் பக்கம் போய்விடாதா? 2018-ல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் அதையும் சோதித்தார்கள். கேமரா இல்லாதபோது வித்தியாசம் தெரிந்தது, இருந்தபோது மறைந்தது.

வழக்கு இழுத்துக்கொண்டே போனதால், நிக்கோலஸ் கோல்ஸ் என்பவர் நம்புகிறவர்களையும் ஐயப்படுகிறவர்களையும் ஒரே குழுவாகச் சேர்த்தார். 19 நாடுகள், 3,878 பேர். சிலர் பேனாவைக் கவ்வினார்கள். சிலர் படத்தில் சிரிக்கும் நடிகரைப் போல முகத்தை வைத்தார்கள். சிலர் வாயோரத்தைக் காதுப் பக்கம் இழுத்துக் கன்னத்தை உயர்த்தினார்கள். 2022-ல் முடிவு வெளிவந்தது. பின்னிரண்டு வழியிலும் மகிழ்ச்சி கூடியது. எதிரே மனம் மலரவைக்கும் படம் எதுவும் இல்லாதபோதும் சற்றே எட்டிப்பார்த்தது. பேனா மட்டும் தெளிவான விடை தரவில்லை. கொள்கையைப் புகழ்பெறச் செய்த பேனாதான் கடைசியில் கைவிட்டது, கொள்கை பிழைத்துக்கொண்டது.

ஆனால் கூடியது கொஞ்சம்தான். மனச்சோர்வில் கிடப்பவரிடம் சிரித்த முகத்தோடு இரு, எல்லாம் சரியாகிவிடும் என்பதற்கு இந்த ஆய்வில் இடமே இல்லை. பேச்சாளர்கள் வசதியாக விட்டுவிடும் பகுதி இது.

அந்தச் சிரிப்பை யார் கேட்கிறார்கள் என்பதும் முக்கியம். சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷில்ட், டெல்டா விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983-ல் ஒரு நூல் எழுதினார். உள்ளே எரிச்சலை வைத்துக்கொண்டு முகத்தில் மட்டும் ஒட்டவைக்கும் சிரிப்பை அவர் மேலோட்ட நடிப்பு என்றார். இப்படி நாள் முழுக்க நடிப்பவர்களுக்கு அலுப்பும் சலிப்பும் மிகுதி என்பதைப் பிற்கால ஆய்வுகளும் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. இன்னொரு வழி, பார்வையையே மாற்றிக்கொள்வது. கத்துகிற பயணியைத் திமிர் பிடித்தவராகப் பார்க்காமல், பறக்கப் பயந்து நடுங்குபவராக நினைப்பது. அங்கே சிரிப்பு தானாக வரலாம், எரிச்சலும் தணியும். நம் கையில் உள்ள தேர்வு என்று எதையாவது சொல்வதானால் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் அதையும் நிறுவனமே பயிற்சி கொடுத்து, பயணச்சீட்டோடு சேர்த்து விற்றது என்பதுதான் ஹாக்‌ஷில்டின் குறை.

அவர் நூலில் ஒரு சம்பவம் வருகிறது. ஏன் சிரிக்கவில்லை என்று ஒரு பயணி பணிப்பெண்ணைக் கேட்கிறார். முதலில் நீங்கள் சிரியுங்கள் என்கிறார் அவர். பயணியும் சிரிக்கிறார். அப்படியே அசையாமல் பதினைந்து மணி நேரம் வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் நடந்துவிடுகிறார்.